யார் அனுப்பிய பிரதிநிதி?

1920 டிசம்பர் கடைசியில் நாகபுரி காங்கிரஸுக்குப் புறப்பட்ட சித்தரஞ்சன் தாஸ் தனியாகப் போகவில்லை. கிழக்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சுமார் 250 பிரதிநிதிகளைக் கையோடு அழைத்துப் போனார். போக, வர ஆகும் செலவு முழுவதும் அவருடையது. அதில் அவருடைய கைக்காசு 36,000 ரூபாய் கரைந்தது என்று காங்கிரஸ் வரலாற்றை எழுதிய பட்டாபி சீதாராமய்யா குறித்துவைத்திருக்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் கல்கத்தா சிறப்பு மாநாட்டில் காந்தி நிறைவேற்றிக்கொண்டு போன ஒத்துழையாமைத் தீர்மானத்தை நாகபுரியில் கவிழ்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். நடந்ததோ வேறு. காந்தியோடு பேசி உடன்பாட்டுக்கு வந்த தாஸ், அதே ஒத்துழையாமைத் தீர்மானத்தைத் தானே மேடையேறி முன்மொழிந்தார். எதிர்த்து ஓட்டுப் போடுவதற்காக ரயிலேறி வந்த 250 பேரும் அப்போது என்ன நினைத்துக்கொண்டார்களோ, யாரும் எழுதிவைக்கவில்லை.

தாஸைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாகாணத்திலிருந்து இத்தனை பேர்தான் வரலாம் என்ற வரம்பு அன்று நடைமுறையில் இல்லை. பணமும் ஆள்பலமும் உள்ளவர் பெரும்பான்மையையே கூட்டி வந்துவிடலாம். மாநாடு நடக்கும் ஊர்க்காரர்களுக்கு ரயில் செலவுகூட மிச்சம். நாகபுரியில் கூடிய பிரதிநிதிகள் 14,582 பேர். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த பந்தலில்தான், இனி அத்தனை பேர் கூட முடியாதபடி காங்கிரஸின் புதிய சட்டதிட்டமும் நிறைவேறியது. மக்கள்தொகையில் 50,000 பேருக்கு ஒரு பிரதிநிதி, அதற்கு மேல் கூடாது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

கட்சி மாநாட்டுப் பிரதிநிதியைப் பற்றி நம் அரசியல் எழுத்தில் அதிகம் கிடையாது. மேடையில் பேசியவர்கள் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டார்கள். ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, பந்தலில் உட்கார்ந்து கையுயர்த்தியவருக்கு ஒரு வரி இல்லை. தீர்மானம் நிறைவேறியது என்று எழுதுகிறோமே, நிறைவேற்றியவர் அவர்தான். அவரை எந்த ஊர் அனுப்பியது, எப்படித் தேர்ந்தெடுத்து அனுப்பியது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருந்த காலத்தில் தலைவர்கள் அவருக்குப் பயந்தார்கள். அந்தப் பதில் மங்கிப்போன பிறகு அவர் வெறும் கூட்டமாகிவிட்டார். காங்கிரஸின் 140 ஆண்டுக் கதையைத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பார்த்தால் இது தெளிவாகவே தெரியும். இது காங்கிரஸுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல.

வினா-விடை விற்ற காலம்

1885 டிசம்பரில் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் கூடிய 72 பேரையும் எந்த ஊரும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. அழைப்பின் பேரில் வந்தவர்கள்; ஆர்வத்தில் வந்தவர்கள். சென்னை மகாஜன சபையை நடத்திய பி. ரங்கையா நாயுடு, பி. அனந்தாசார்லு, இந்து பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் என்று நம் பக்கத்திலிருந்தும் ஒரு குழு போனது. முதல் காங்கிரஸின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்தான். ஆனால், நீங்கள் யாருடைய பிரதிநிதி என்று ஆங்கிலேய அதிகாரி ஒருவர் கேட்டிருந்தால் அவரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது. அதிகாரிகள் அதைத்தான் கேட்டார்கள். பிற்பாடு வைஸ்ராய் டஃபரின் பிரபுவே கேட்டார்.

அடுத்த ஆண்டு கல்கத்தாவிலிருந்து இதற்கு வழி பிறந்தது. சங்கங்களும் பொதுக்கூட்டங்களும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்ப ஆரம்பித்தன. 1887-ல் மாநாடு சென்னைக்கு வந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் பந்தல். வரவேற்புக் கமிட்டித் தலைவர் சர் டி. மாதவராவ். வங்காளத்துப் பிரதிநிதிகள் கடல்வழியாக வந்து இறங்கினார்கள். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கிழக்குக் கடற்கரை ரயில் பாதை அப்போது போடப்படவில்லை. மொத்தம் 607 பிரதிநிதிகள்.

அந்த மாநாட்டுக்கான தயாரிப்பைப் பற்றி நம் பாடநூல்கள் ஏனோ பேசுவதில்லை. காங்கிரஸ் என்றால் என்ன, சட்டசபைக்கு ஏன் தேர்தல் வேண்டும் என்பதையெல்லாம் கேள்வியும் பதிலுமாக வீரராகவாச்சாரியார் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதினார். சுமார் 30,000 பிரதிகள் போயின. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்த காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும். நன்கொடையும் அப்படியே. ஓரணாவிலிருந்து ஒன்றரை ரூபாய் வரை கொடுத்தவர்களிடமிருந்து மட்டும் 5,500 ரூபாய் சேர்ந்தது. ஜமீன்தார்களின் பணமும் வந்ததுதான். ஆனாலும் ஓரணா கொடுத்தவன் தன் ஊரிலிருந்து யார் போகிறார்கள் என்று கேட்பான். தஞ்சாவூரிலிருந்து பிரதிநிதியாக வந்த மூக்கணாசாரி என்ற கைவினைஞர் அந்தப் பந்தலில் எழுந்து தமிழில் பேசினார். கனவான்களின் ஆங்கிலம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த சபையில் அது நடந்தது.

அந்தக் காலத்து மாநாட்டு அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால் பேச்சுகளைவிடப் பின்னிணைப்பு சுவையாக இருக்கும். பிரதிநிதிகளின் பட்டியல் கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கும்: பெயர், பட்டம், மதம், சாதி, தொழில், ஊர், அதையடுத்து எந்தக் கூட்டத்தில் அல்லது எந்தச் சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று இன்னொரு கட்டம். யாரை நம்பாதே என்று அரசாங்கம் சொல்லியதோ அவர்கள், எங்களை இன்னார் அனுப்பினார்கள், வேண்டுமானால் போய் விசாரித்துக்கொள் என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1889 பம்பாய் மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் 1889 ஆகவே அமைந்தது. பண்டித ரமாபாய், காதம்பினி கங்குலி உள்ளிட்ட பெண்கள் முதல்முறையாகப் பிரதிநிதிகளாக உட்கார்ந்ததும் அந்த மாநாட்டில்தான்.

அதே பட்டியல் காங்கிரஸின் குறையையும் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. தொழில் என்ற கட்டத்தில் வக்கீல், வக்கீல் என்றே வரும். 1892 முதல் 1909 வரை வந்த பிரதிநிதிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சட்டத் தொழிலைச் சேர்ந்தவர்கள். டிசம்பர் கடைசியில் மாநாடு வைத்தது கோர்ட் விடுமுறையை உத்தேசித்துத்தான் என்று கேலி பேசியவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

சாதிக் கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1901-ல் கல்கத்தா காங்கிரஸுக்கு, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியிருந்த காந்தி போனார். பிரதிநிதிகளுக்கு ரிப்பன் கல்லூரியில் தங்கல். தமிழ்ப் பிரதிநிதிகளின் சமையலறை மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. தாங்கள் சாப்பிடும்போது பிறர் கண்ணில் பட்டாலே தீட்டு என்று அவர்கள் கருதியதால், கல்லூரி வளாகத்திலேயே தட்டி கட்டி மறைத்துத் தனியாக அமைத்துக் கொடுத்திருந்தார்கள். சமைப்பதும் சாப்பிடுவதும் கை கழுவுவதும் அந்த ஒரே அடைப்புக்குள். புகை போக வழியில்லை. உள்ளே போனால் மூச்சுமுட்டும். இதையெல்லாம் சத்தியசோதனையில் விவரித்துவிட்டு காந்தி ஒரு கணக்குப் போடுகிறார்: பிரதிநிதிகளே ஒருவரையொருவர் இப்படித் தீண்டாமல் ஒதுக்கினால், அவர்களை அனுப்பிய ஊர்களில் தீண்டாமை எந்த அளவில் இருக்கும்? பிரதிநிதி என்பவர் தன் ஊரின் கருத்தை மட்டுமா கொண்டுவருகிறார், அதன் அழுக்கையும்தான்.

அந்த ஊர்களின் மறுபக்கத்திலிருந்து வந்த பிரதிநிதிக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. 1892-ல் சென்னை மகாஜன சபை கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசப் பண்டிதர் வந்தார். விஷ்ணு, சிவன் கோயில்களில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தங்கள் மக்களையும் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். சபை கொதித்தது. உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கும்போது இது எதற்கு என்ற பாணியில் பதில் வந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். காங்கிரஸ் பிரதிநிதிகளைச் சென்னையிலிருந்து அனுப்பிவைத்த சபை அது. முறைப்படி அனுப்பப்பட்ட ஒரு பிரதிநிதியைக் கேட்க மறுத்ததன் விலையைத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பிற்பாடு தவணை தவணையாகக் கொடுத்தது.

சூரத்திலிருந்து காஞ்சிபுரம்

1907 மாநாடு நாகபுரியில் நடந்திருக்க வேண்டும். அங்கே திலகர் பக்கத்து ஆட்கள் அதிகம் என்பதால் மிதவாதிகள் அதைச் சூரத்துக்கு மாற்றினார்கள். சூரத் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. மாநாடு நடக்கும் மாகாணத்தவர் தலைமை வகிப்பதில்லை என்ற மரபும் இருந்தது. ஆகவே திலகர் தலைவராக வர முடியாது. உள்ளூர்ப் பிரதிநிதிகளோ மிதவாதத் தலைவர் பெரோஸ்ஷா மேத்தாவின் ஆட்களாக இருப்பார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இடத்தைத் தேர்ந்தெடுத்தாலே முடிவைத் தேர்ந்தெடுத்தது போலத்தான் என்பதை அன்றே புரிந்துவைத்திருந்தார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வ.உ. சிதம்பரம் பிள்ளை, சென்னையிலிருந்து சுப்பிரமணிய பாரதி, மண்டயம் சீனிவாசாச்சாரியார் முதலானோர் அந்தச் சூரத்துக்குத்தான் பிரதிநிதிகளாகப் போனார்கள். பாரதிக்கு அப்போது 25 வயது. திரும்பி வந்து ‘எங்கள் காங்கிரஸ் யாத்திரை’ என்று ஒரு சிறு நூலே போட்டார். கட்சி மாநாட்டுக்குப் போன ஒரு பிரதிநிதி, போய்வந்த கதையைத் தன்னை அனுப்பியவர்களுக்குத் தமிழில் எழுதிக் கணக்கு ஒப்படைத்தது என்று அதைப் படிக்கலாம். இன்று பொதுக்குழுவுக்குப் போய்வரும் யாரும் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. மண்டபத்து வாசலில் எடுத்த செல்ஃபியோடு கடமை முடிந்துவிடுகிறது.

சூரத்தில் செருப்பு பறந்தது, நாற்காலி பறந்தது, மாநாடு கலைந்தது. எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கடுத்து, 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் கூடிய மிதவாதிகள் எழுதிய சட்டதிட்டம்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். இனிப் பொதுக்கூட்டம் கூட்டிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற கமிட்டிகளும் சங்கங்களும் மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். காங்கிரஸின் கொள்கையை ஏற்று முதலில் கையெழுத்துப் போட வேண்டும். திலகர் அணித் தீவிரவாதிகள் வெளியே, பந்தலில் அமைதி. ஆள்தான் இல்லை. 1909 லாகூர் மாநாட்டுக்கு வந்தவர்கள் வெறும் 243 பேர். சூரத்துக்கு வந்திருந்தவர்களோ சுமார் 1,600 பேர். 1915-ல் விதியைத் தளர்த்தி, பொதுக்கூட்டங்களுக்கு மீண்டும் வழிவிட்ட பிறகுதான் திலகர் திரும்ப முடிந்தது. 1916 லக்னோவில் பந்தல் நிறைந்தது. வாசலை இறுக்கினால் கட்சி சுருங்கும், அகலத் திறந்தால் காசுள்ளவர் ஆள் ஏற்றி வருவார். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது 1920 சட்டதிட்டம்.

காந்தியின் அமைப்புத் திறமைக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை என்பேன். மொழிவாரியாக 21 காங்கிரஸ் மாகாணங்கள். நாலணாச் சந்தா கட்டியவர் உறுப்பினர். கிராமம், தாலுகா, ஜில்லா என்று அடுக்கடுக்காகக் கமிட்டிகள். உறுப்பினரின் ஓட்டு கீழிருந்து மேலே ஏறி வரும். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பிறந்தது இந்த ஏற்பாட்டில்தான். மாநிலத்துக்கு அந்தப் பெயர் 1969-ல்தான் கிடைத்தது. நாலணா மெம்பர் என்ற பேச்சு வழக்கு இன்று நமக்கு இளக்காரமாகக் கேட்கலாம். அன்று அந்த நாலணாவுக்கு ஒரு ஓட்டு இருந்தது.

ஆனால் ஓட்டு இருந்தால் மட்டும் போதுமா? 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் மாகாண மாநாடு. தலைவர் திரு.வி.க. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரும் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். விஷயாலோசனைக் கமிட்டியில் அது தோற்றது. பிரதிநிதிகளின் கையெழுத்தைத் திரட்டி மாநாட்டிலேயே நேராகக் கொண்டுவரப் பார்த்தார்கள். கையெழுத்துகள் சேர்ந்தன. தலைவர் அனுமதிக்கவில்லை. பெரியார் வெளியேறினார். தமிழ்நாட்டின் அடுத்த நூறாண்டு அரசியலை எந்த நாளிலிருந்து எழுதத் தொடங்கினாலும் இந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. அன்று ஓட்டுக்கு விட்டிருந்தால் தீர்மானம் தோற்றுக்கூடப் போயிருக்கலாம். ஆனால் சபையில் தோற்பது ஒன்று, சபைக்கே வர முடியாமல் போவது வேறொன்று. கையெழுத்துப் போட்ட பிரதிநிதிகளுக்கு இருந்த உரிமையைத் தலைவரின் ஒரு தீர்ப்பு இல்லாமல் ஆக்கியது.

110-க்கு 102

1939 ஜனவரி 29. காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ், பட்டாபி சீதாராமய்யாவை 200 ஓட்டுகளுக்குச் சற்றே அதிகமான வித்தியாசத்தில் வென்றார். போஸ் பெற்றது 1,580. பிரதிநிதிகள் அவரவர் மாகாணத்திலேயே வாக்களித்தார்கள். காந்தியின் ஆதரவு பட்டாபிக்கு. சென்னை மாகாணப் பிரதமர் நாற்காலியில் ராஜாஜி. அவரும் போஸுக்கு எதிரணி. பட்டாபியின் சொந்த ஆந்திரம் அவரை அள்ளிக்கொண்டது. பக்கத்திலேயே தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளின் கணக்கைப் பாருங்கள்: போஸுக்கு 110, பட்டாபிக்கு 102. மாகாணப் பிரதமர் ஒரு பக்கம், மகாத்மா அதே பக்கம். அப்படியிருந்தும் எட்டு ஓட்டு மறுபக்கம் அதிகம். ஜில்லாக்களிலிருந்து வந்த அந்த 110 பேரின் துணிச்சலைத் தமிழ்நாட்டு அரசியல் வரலாறு இன்னும் சரியாகக் கௌரவிக்கவில்லை.

முடிவு வந்த இரண்டாம் நாள் காந்தி வெளியிட்ட அறிக்கையில், தோல்வி பட்டாபியுடையது என்பதைவிடத் தன்னுடையது என்று சொன்ன பகுதிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. காங்கிரஸ் பதிவேடுகளில் போலி உறுப்பினர்கள் ஏராளம் என்றும், முறையாகப் பரிசோதித்தால் அந்த ஓட்டுகளால் வந்த பிரதிநிதிகள் பலர் பதவி இழப்பார்கள் என்றும் எழுதினார். தோற்ற பிறகு சொன்னது என்று தள்ளிவிட முடியாது. உறுப்பினர் சேர்க்கை போட்டியானதும், யாரோ ஒருவர் ஊர்ப் பெயர்கள் அத்தனைக்கும் நாலணா கட்டி ரசீது வாங்கும் வழக்கம் வந்துவிட்டிருந்தது.

மார்ச்சில் திரிபுரி மாநாடு. ஐம்பத்திரண்டாவது மாநாடு என்பதால் 52 யானைகள் பூட்டிய ரதத்தில் தலைவரின் படம் ஊர்வலமாகப் போனது. தலைவரோ காய்ச்சலில் ஸ்ட்ரெச்சரில் வந்தார். காந்தியின் விருப்பப்படியே செயற்குழுவை அமைக்க வேண்டும் என்று கோவிந்த வல்லப பந்த் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஏப்ரலில் போஸ் ராஜினாமா. பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் மூன்று மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. 1950-ல் இதே காட்சி மறுபடியும். புருஷோத்தம்தாஸ் தாண்டனுக்கு 1,306, நேருவின் ஆதரவு பெற்ற கிருபளானிக்கு 1,092. ஓராண்டில் தாண்டன் விலக, நேருவே தலைவரானார். பிரதிநிதி வாக்களிக்கலாம், ஆனால் மேலே உள்ளவருக்குப் பிடிக்காவிட்டால் அது நிற்காது என்ற பாடத்தைக் கட்சி இரண்டு முறை படித்துக்கொண்டது. 1955 ஆவடி மாநாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறியபோது பிரதிநிதிகள் பேசினார்கள், கைதட்டினார்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

பிறகு கீழ்மட்டத் தேர்தலே நின்றுபோனது. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1992-ல் நரசிம்ம ராவ் உட்கட்சித் தேர்தல் நடத்தினார். திருப்பதி மாநாட்டில் செயற்குழுவுக்குத் தேர்தலும் நடந்தது. அர்ஜுன் சிங்கும் சரத் பவாரும் ஜெயித்தார்கள். தேர்வானவர்களில் தலித்தோ பழங்குடியினரோ பெண்ணோ இல்லை என்று காரணம் சொல்லி எல்லோரையும் ராஜினாமா செய்யவைத்தார் ராவ். காரணம் நியாயமானது. எந்த நோக்கத்துக்காக அது பயன்பட்டது என்பதில்தான் ஐயம். அதற்குப் பின் வந்த தலைவர் தேர்தல்களின் எண்களே போதும்: 1997-ல் சீதாராம் கேசரி 6,224, சரத் பவார் 882, ராஜேஷ் பைலட் 354. 2000-ல் சோனியா காந்தி 7,448, ஜிதேந்திர பிரசாதா 94.

2022 அக்டோபர் 17 அன்று நடந்த தேர்தலில் 9,385 பேர் வாக்களித்தார்கள். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072, செல்லாதவை 416. பிரதிநிதிகளுக்குக் கியூஆர் கோடு போட்ட அடையாள அட்டையெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலைப் பொதுவில் வெளியிடச் சொல்லி மனீஷ் திவாரி உள்ளிட்ட சிலர் கேட்டபோது கட்சி மறுத்தது. வேட்பாளர்களுக்குக் கொடுத்த பட்டியலிலும் பலருடைய தொலைபேசி எண் இல்லை, முகவரி இல்லை என்று தரூர் புகார் சொன்னார். ஆதரவு கேட்டுச் சென்னை சத்தியமூர்த்தி பவனுக்கு அவர் வந்த அன்று, தமிழ்நாட்டின் எழுநூறு சொச்சம் பிரதிநிதிகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வந்தார்கள். 1880-களில் சாதி, தொழில், தேர்ந்தெடுத்த கூட்டம் வரை அச்சிட்டு ஊருக்கே கொடுத்த கட்சி, 2022-ல் தன் வேட்பாளரிடமே முகவரியைக் கொடுக்கவில்லை. 2023 பிப்ரவரி ராய்ப்பூர் மாநாட்டில் செயற்குழுத் தேர்தலே வேண்டாம், தலைவரே நியமிக்கட்டும் என்றும் முடிவானது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அப்படியாவது ஒரு போட்டி, ஓட்டுப்பெட்டி, எண்ணிக்கை என்று நடத்திய பெரிய கட்சி இங்கே அது ஒன்றுதான். மற்றவற்றில் ஏகமனதாக என்ற சொல்லோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆந்திரத்தில் ஒரு கட்சி தன் தலைவரை ஆயுள்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்போக, 2022-ல் தேர்தல் ஆணையம் தலையிட்டு ஆட்சேபிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் அதே ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் வானகரத்தில் கூடிய அதிமுக பொதுக்குழுவின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 பிப்ரவரியில் முடிந்தது. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். வைத்த விதி அந்த வழக்கில் அலசப்பட்டது. யாருக்கு எத்தனை பொதுக்குழு உறுப்பினர்கள் ஆதரவு என்று தினமும் தொலைக்காட்சியில் எண்ணிச் சொன்னார்கள். அந்த இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் யார், எந்த ஊர், அவர்களை யார் அனுப்பினார்கள் என்று ஒரு விவாதமாவது நடந்ததா? எனக்கு நினைவில்லை. திமுகவிலும் கிளைக் கழகத்திலிருந்து பொதுக்குழு வரை தேர்தல் விதி உண்டு. மாவட்டச் செயலாளர் பதவிக்குப் போட்டி வந்தால் சென்னைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் செய்துவைப்பதுதான் நடைமுறை.

அமெரிக்காவின் கட்சி மாநாடுகள் உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. 1964-ல் அட்லாண்டிக் சிட்டியில், மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் தாங்களே கூடித் தேர்ந்தெடுத்து அனுப்பிய 68 பேரை வாசலில் நிறுத்தி, இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றது ஜனநாயகக் கட்சி. ஃபேனி லூ ஹேமரும் தோழர்களும் அதை ஏற்காமல் திரும்பிப் போனார்கள். ஆனால் அந்த அவமானத்துக்குப் பிறகு அந்தக் கட்சி தன் விதிகளை மாற்றியது. 1972 முதல் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வாக்காளர்களின் முதல்கட்டத் தேர்தல் வழியாக வருகிறார்கள். 2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியதும் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் பிரதிநிதிகளைத் தேடித் தேடிக் கேட்டு, கமலா ஹாரிஸுக்குப் போதுமான ஆதரவு சேர்ந்துவிட்டதை மறுநாளே சொல்லிவிட்டார்கள். யார் பிரதிநிதி என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு செய்துகொள்ளும் கட்சி அரசமைப்புக்கும் ஜனநாயகத்துக்கும் விசுவாசமாக இருப்பதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்வதில்லை. விதிகளை மீறிய கட்சியின் பதிவை, சில விதிவிலக்குகள் தவிர, ரத்து செய்ய ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உட்கட்சித் தேர்தல் நடந்தது என்று கட்சி ஒரு கடிதம் அனுப்பும். ஆணையம் வாங்கி வைத்துக்கொள்ளும். சட்டத்தைத் திருத்தி ஆணையத்தையே உட்கட்சித் தேர்தல் நடத்தச் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்சியின் உள்வீட்டுக்குள் அரசாங்க அதிகாரியை உட்காரவைத்தால் முதலில் பாதிக்கப்படுவது எதிர்க்கட்சிகள்தான்.

அதைவிடச் சிறிய காரியம் ஒன்று உண்டு. காங்கிரஸின் இன்றைய விதிப்படியும் வட்டாரத்துக்கு ஒருவர் மாநிலக் கமிட்டிக்கு வருகிறார். அவர்தான் அகில இந்திய மாநாட்டின் பிரதிநிதி. மற்றக் கட்சிகளிலும் ஒன்றியம், நகரம், மாவட்டம் என்று பொதுக்குழு உறுப்பினர் உண்டு. எந்த ஒன்றியத்துக்கு யார், எந்தத் தேதியில் எந்தக் கூட்டத்தில் தேர்வானார், போட்டி இருந்ததா, எத்தனை ஓட்டு என்ற விவரத்தை ஒவ்வொரு கட்சியும் அடுத்த உட்கட்சித் தேர்தலின்போது வெளியிடட்டும். வீட்டு முகவரி வேண்டாம். பெயரும் ஊரும் தேர்வான விதமும் போதும். கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் ஒன்றிய அலுவலகத்தில் போய் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். கட்சிகள் இதை வெளியிடச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.